ஏற்காடு ஏற டீசல் எர்டிகாவா, பெட்ரோல் எர்டிகாவா?

சகோ, செகண்ட் ஹேண்ட் மாருதி எர்டிகால 2015 டீசலா, 2017 பெட்ரோலானு கேட்டு, ஆறு பேரு, அதுல வயசான அம்மா அப்பா, மாசம் ஒருக்கா ஏற்காடுனு எழுதியிருக்கீங்க, அப்போ 2015 டீசலையே எடுங்க, 2017 பெட்ரோல் ரெண்டு வருசம் புதுசுங்கிறத மட்டும் பார்க்காதீங்க. பெட்ரோல்ல டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை, அதாவது இழுவை) 130 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிசத்துக்கு சுத்துற சுத்து), டீசல்ல 200, 1750லயே வந்துடும், ஃபுல் லோடுல 20 கொண்டை ஊசி வளைவு ஏறுறப்ப இதுதான் பேசும்.

ஆனா சேலம் அஞ்சு ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு அடிவாரத்துல இருந்து நாலஞ்சு வளைவு மேல போங்க, ஆர்பிஎம் ஏறுது வண்டி இழுக்கலைன்னா கிளட்ச் போச்சு, கறுப்பா புகை தள்ளுனா மெக்கானிக்கிட்ட காட்டாம வாங்கவே வேணாம். எறங்கும்போது ரெண்டாவது கியர்ல விடுங்க, பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறுனா பிரேக் டிஸ்க் செலவ வெலையில கழிங்க. கடைசி சீட்டுல பெரியவங்கள உக்கார வைக்காதீங்க, பாவம், வளைவுல கொமட்டும்.