மஞ்சள் பையில் ஒரு மலர்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவருகிறேன். எங்கள் வட்டாரத்தில் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை நேரில் சந்திப்பது என்று ஆரம்பித்தோம். முதல் மாதம் ஒன்பது பேர். போன மாதம் என்னையும் சேர்த்து மூன்று பேர். டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தோம். கூட்டம் சேர்ப்பது எப்படி? அடுத்த சந்திப்புக்கு நீங்கள் சிறப்பு விருந்தினராக வந்தால் ஐம்பது பேராவது வருவார்கள். சான்றிதழ் கொடுக்கவும் யோசனை. இன்னொன்று, எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதிவிடும் காலத்தில் இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா? ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்ற சண்டை வேறு சலிப்பாக இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)
திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்து, தும்மிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் சிறப்பு விருந்தினர் என்ற சொல்லைப் பார்த்ததுமே கடிதத்தை மூடியிருப்பேன்.

கிரந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஏ.ஐ. பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் இன்னும் மின்கட்டணத்தை வரிசையில் நின்று கட்டுகிறவன்.

பொன்னாடை விஷயத்துக்கு வருகிறேன். விக்கிப்பீடியர்கள் முதன்முதலாக நேரில் சந்தித்துக்கொண்டது 2003 அக்டோபரில், ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் என்பார்கள். தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே வருடம்தான். லண்டன்காரர்கள் ஹோல்பர்னில் ஒரு மதுக்கடையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று வருடக்கணக்காகக் கூடினார்கள். சிறப்பு விருந்தினருக்காக அங்கே யாரும் காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் விக்கியில் பொதுப் பேச்சு நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆலமரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு யாரய்யா சான்றிதழ் கொடுத்தது? சான்றிதழுக்கு வருகிற நாற்பத்தேழு பேரும் அதைப் போட்டோ எடுத்ததும் போய்விடுவார்கள். மறுநாள் உங்களிடம் மிஞ்சப்போவது அதே மூன்று பேர், கூடவே மண்டப வாடகை பாக்கி.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு சந்திப்புக்கு நான் போயிருக்கிறேன். சண்டை போடத்தான் போனேன். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி நான் எழுதிய நான்கு பத்தியில் மூன்றை யாரோ தூக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றின் தலையிலும் 'மேற்கோள் தேவை' என்று ஒட்டிவிட்டார்கள். அந்தக் குளத்தில் நீச்சல் படித்தவன் நான், எனக்கே மேற்கோளா என்று கோபம். ஒரு கல்லூரியின் கணினி அறை, பதினோரு பேர். என் பத்திகளைத் தூக்கியவனும் அங்கே இருந்தான், மீசை சரியாக முளைக்காத பையன். "சார், நீங்க சொல்றது உண்மையா இருக்கும். ஆனா எங்க அச்சாகியிருக்கு?" என்றான்.

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கு, 1954இல் முதல் தொகுதி தொடங்கி 1968இல் பத்தாவது முடியும்வரை, அந்தந்தத் துறை அறிஞர்கள் எழுதினார்கள். எழுதியவரின் படிப்பே சான்று. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவன் யார் என்பதே தெரியாது. ஆகவே அச்சான ஒரு தாள் சாட்சி சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு டீ ஆனது.

அப்போதுதான் மூலையில் இருந்த பெரியவர் மஞ்சள் பையைத் திறந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தட்டச்சுகூடத் தெரியாது, பேரனோடு வந்திருந்தார். உள்ளே அவர் படித்த பள்ளியின் வெள்ளிவிழா மலர். பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருந்தது, பாச்சை உருண்டை வாசனை. அவர்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி எந்த வருடம் கட்டியது என்பதில் பேரனுக்கும் இன்னொருவருக்கும் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் மாதக்கணக்கில் தகராறாம். பெரியவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். நகராட்சியின் வாழ்த்துச் செய்தியில் தொட்டி திறந்த வருடம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு லாட்ஜ் விளம்பரம்: 'எல்லா அறைகளிலும் குழாய்த் தண்ணீர் வசதி உண்டு.'

விளம்பரம் சான்றாகுமா என்று கிளம்பியது பாருங்கள் ஒரு சண்டை! ஆகாது என்றான் என் பத்திகளைத் தூக்கிய பையன். வாழ்த்துச் செய்தி ஆகும், அதையும் யார் சொன்னது என்று குறிப்பிட்டுத்தான் போட வேண்டும் என்றார் ஒருவர். அரை மணி நேரம் ஓடியது. டீயில் ஆடை கட்டிவிட்டது. நான் கொண்டுபோன கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

தம்பி, தமிழில் எழுத ஆள் இல்லை என்று எல்லோரும் புலம்புகிறீர்கள். ஆள் இருக்கிறார்கள், தாள்தான் இல்லை. நம் சிற்றூர்களின் வரலாறு பள்ளி நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், வணிகர் சங்க மலர் என்று அச்சாகி, ஐந்நூறு பிரதி விநியோகமாகி, பரணுக்குப் போய்விட்டது. நூலகத்தில் கிடைக்காது, கூகுளில் கிடைக்காது. பெரியவர் கண் மூடினால் அடுத்த வாரம் பழைய பேப்பர்காரர் எடைக்குப் போட்டுக்கொள்வார். இலங்கை ஊர்களைப் பற்றிய கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டத்துக்காரர்கள் மலர், சஞ்சிகை, துண்டறிக்கை என்று எதையும் விடாமல் ஸ்கேன் செய்துவைத்திருப்பது அங்கே தெரியும். யாழ்ப்பாணத்தில் 1981இல் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்குத் தாளின் அருமை தெரிகிறது. நமக்கு எதுவும் எரியவில்லை, கரையான்தான் தின்கிறது.

மலரில் இருப்பதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். சாதிச் சங்க மலர்களில் பாதி புளுகு. எல்லோரும் அரச பரம்பரை. அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். தலைமையாசிரியர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல், திறப்பு விழாத் தேதி, இவைதான் வேண்டும். அவற்றிலும் அச்சுப்பிழை வரும். இரண்டு மலரை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: காப்புரிமை இருக்கும்போது முழு மலரையும் விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றி மாட்டிக்கொள்ள வேண்டாம். சான்று காட்ட மலரின் பெயர், வெளியிட்டவர், ஆண்டு, பக்க எண் போதும்.

இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. மஞ்சள் பை இணையத்தில் வராது. யாராவது தூக்கிக்கொண்டு நேரில் வர வேண்டும், அவரைக் கூப்பிட ஓர் இடம் வேண்டும், நாற்காலி போட இரண்டு பேர் வேண்டும்.

கூட்டம் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? கூட்டத்தை விடுங்கள். அடுத்த மாதம் அந்த மூன்று பேரும் ஆளுக்கொரு பெரியவரைக் கையோடு அழைத்துவாருங்கள், வீட்டில் இருக்கிற மலரோடு.

நானும் வருகிறேன், பேச அல்ல. அப்பா பதிப்புக் குழுவில் இருந்த பள்ளி மலர் பெட்டியில் கிடைத்திருக்கிறது. அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, எந்த வருடம் என்றே தெரியவில்லை. குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஆண்டு இல்லாத மலர் சான்றாகுமா என்று கேட்டுவையுங்கள். டீக்கடையில் பெஞ்சு போதுமா, முதுகு சாய நாற்காலி கிடைக்குமா என்றும் எழுதுங்கள்.