பொருளாதார மந்தம் வந்தால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை போகுமா?

போகாது. 2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அமெரிக்காவில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் அமெரிக்காவில்தான் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது; ஜெர்மனியில் லேசாக அசைந்ததோடு சரி. அங்கே ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். அதனால் குறையும் சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசு ஈடுகட்டும். ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் படுத்தது, தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர்களை முதலில் கழற்றிவிட்டார்கள். 2007-இல் 8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2013-இல் 26-ஐத் தாண்டிவிட்டது.

நம் ஊரில் இது வேறு மாதிரி. என் மாமா துபாயில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். 2009-இல் அங்கே கட்டடங்கள் பாதியில் நின்றபோது, "லீவில் போய்விட்டு வா, கூப்பிடுகிறோம்" என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்குத் திருமங்கலத்தில் ஒரு டீக்கடை முன்னால் சுத்தியல் பையோடு போய் நிற்பார். மேஸ்திரி வந்து கைகாட்டினால் அன்றைக்குக் கூலி. வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். எட்டரை மணிக்குப் பையோடு திரும்பி வந்தால் அத்தை எதுவும் கேட்க மாட்டார், சோற்றைப் போட்டு வைப்பார்.

ஆனால் நம் அரசின் வாராந்திரக் கணக்கில், அந்த வாரம் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் கூலி வேலை செய்திருந்தால்கூட அவர் வேலையில் இருப்பவர்தான். அவரைப் போன்றவர்களுக்கு வேலை இல்லாத காலத்துக்கென்று உதவித்தொகை எதுவும் கிடையாது. அதனால் கிடைத்ததைச் செய்தே ஆக வேண்டும். இந்தியாவின் வேலையின்மை சதவீதத்தை ஸ்பெயினோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து நாம் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று கேட்க வேண்டும்.

2020 ஊரடங்கிலும் இதேதான். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் விவசாயத்தில் இருப்போர் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம், அடுத்த ஆண்டு 45.6. விவசாயம் செழித்து அல்ல, மற்ற வேலைகள் நின்றதால். மாமாவும் அப்போது அத்தையோடு மல்லிகை பறிக்கப் போனார். கோயில்கள் பூட்டிக் கிடந்தன, கல்யாணங்கள் இல்லை, பூவை வாங்க ஆளில்லை. ஆனாலும் செடியில் விட்டுவைக்க முடியாது என்று விடியுமுன்னே எழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.