கேள்வி – பதில்: சட்ட மேசையிலிருந்து சூதாட்ட நிறுவனத்துக்கு

கேள்வி: அரசு வழக்கறிஞராக இருந்தவர்கள் அமெரிக்காவில் சூதாட்டத் தொழிலுக்கும் விளையாட்டு வணிகத்துக்கும் மாறுவது எப்படி?

பதில்: உரிமம்தான் காரணம். நெவாடா மாநிலத்தில் உரிமமின்றிச் சூதாட்டக் கூடம் நடத்த முடியாது. விண்ணப்பிப்பவரின் பணம் எங்கிருந்து வந்தது, அவருடைய கூட்டாளிகள் யார் என்பதையெல்லாம் துருவி ஆராய்ந்த பிறகே அனுமதி கிடைக்கும் என்பதால், அந்த விதிகளை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு நிறுவனங்களிடம் மதிப்பு மிகுதி.

பிரையன் சாண்டோவலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த உரிமங்களை வழங்கும் நெவாடா சூதாட்ட ஆணையத்தின் தலைவராக இருந்த அவர், பின்னர் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞராகவும், கூட்டாட்சி நீதிபதியாகவும், 2011 முதல் 2019 வரை ஆளுநராகவும் பணியாற்றினார். லாஸ் வேகாஸில் ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கான மைதானத்துக்கு 75 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கும் சட்டத்தில் 2016இல் கையெழுத்திட்டவரும் அவரே. பதவிக்காலம் முடிந்த மாதமே சூதாட்டக் கூடங்களும் விடுதிகளும் நடத்தும் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் நிறுவனத்தில் உயர் பொறுப்பேற்றார். (அந்த வேகம் எனக்குச் சற்று நெருடுகிறது, சட்டமீறல் என்று சொல்லவில்லை.) எம்ஜிஎம், 2017இல் ஒரு மகளிர் கூடைப்பந்து அணியை வாங்கி லாஸ் வேகாஸுக்குக் கொண்டுவந்த நிறுவனம். 2018இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுகள்மீது பணம் கட்டிப் பந்தயம் வைப்பதற்கு எதிரான 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, சூதாட்டமும் விளையாட்டு வணிகமும் இன்னும் நெருங்கிவிட்டன. சாண்டோவலோ, 2020இல் பல்கலைக்கழகத் தலைவராகப் போய்விட்டார்.