ரிமோட் விமானம் பறக்கவிட இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ரிமோட் விமானம் பறக்கவிட ஆசை. பத்தாயிரத்துக்குள் எப்படித் தொடங்குவது? இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் இது சரிப்படுமா?

இல்லவே இல்லை. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் காவேரிப்பட்டினத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது. ஆறு வருடமாகப் பறக்கவிடுகிறேன், அதில் நாலு விமானம் என் கையால் செய்தது.

நீங்கள் இந்நேரம் ஏதாவது போர் விமான மாடலைப் பார்த்து வைத்திருப்பீர்கள். இப்போதைக்கு அது வேண்டாம். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்து, இரண்டு நுனியும் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்த டிரெய்னர் விமானம்தான் முதலில். மெதுவாகப் பறக்கும், சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். ரிமோட்டும், அதன் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவரும் உங்கள் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள், அடுத்தடுத்த விமானத்துக்கும் அதே ரிமோட்தான். உடம்பை ஃபோம் போர்டில், அதாவது தெர்மோகோல் மாதிரி லேசான அட்டையில், நீங்களே வெட்டி ஒட்டலாம்.

என் முதல் விமானத்தை மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகக் கடையில் உட்கார்ந்து செய்தேன். மோட்டார் திருப்பிச் சுற்றியது. பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று ஒயர். போர்வெல் மோட்டாரில் செய்வது போலவே இரண்டை மாற்றிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் வாயைப் பிளந்தான். அந்தத் தெம்பிலேயே மறுநாள் விடியற்காலை கேழ்வரகு அறுத்த கொல்லைக்குப் போனோம்.

அவன் காற்றுக்கு எதிராக வீசினான். "மாமா, ஏறுது!" என்று கத்தினான். ஏறியது, ஆனால் மூக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. ரிமோட் குச்சியை முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. ஒரு நொடி அப்படியே நின்று, ஒரு இறக்கை சரிந்து, நேராகக் கேழ்வரகுத் தாள்கட்டையில் வந்து குத்தியது. உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு இரண்டு பேரும் பேசாமலே வீட்டுக்கு வந்தோம்.

காரணம் அன்று ராத்திரிதான் பிடிபட்டது. உடம்பை ஒட்டி நிமிர்த்தி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் வால் பொத்தென்று தொங்கியது. பேட்டரியை நுழைக்க வசதியாக இருந்த இடத்தில் வைத்திருந்தேன், அது பின்னால் போய்விட்டது. வால் கனத்தால் மூக்கு தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்குவதை விட்டுவிடும். பேட்டரியை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளியதும் சமமாக நின்றது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் எடை சமமாக நிற்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதே விமானம் மாந்தோப்புக்கு மேல் மூன்று சுற்று சுற்றியது. நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

ஜைரோ, அதாவது விமானம் ஆடினால் தானே சரிசெய்யும் கருவி, வைத்த ரெடிமேட் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை என்று சிலர் எழுதுவார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எடை ரொம்பத் தப்பினால் ஜைரோவும் காப்பாற்றாது. உடைந்தால் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். ஃபோம் போர்டு என்றால் ஹாட் குளூ வைத்து அன்று சாயங்காலமே பறக்கலாம்.

இதையெல்லாம் தண்டச் செலவு என்று சொல்பவர்களும் வருவார்கள். என் கடையில் சொன்னவர்கள் யார் தெரியுமா? மோட்டாருக்குக் காயில் கட்டி வாங்கிக்கொண்டு போய், "மாங்கா காசு வந்ததும் தர்றேன்" என்று மூன்று சீசனாகத் தராதவர்கள். தாமிரக் கம்பியை நான் ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறேன். என் உழைப்புக்குக் காசு தராதவருக்கு என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் கேட்க உரிமையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாங்கும் முன் ஒரு மாதம் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர், அதாவது பறக்கவிடப் பழகும் புரோகிராம், ஓட்டுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், புதியவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு முட்டுக் கொடுப்பது போல அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

ஆடிக் காற்றில் தொடங்காதீர்கள். தை, மாசியில் அறுப்பு முடிந்த நிலம், வெயில் ஏறாத காலை, அதுதான் நல்ல நேரம். 2021 டிரோன் விதிகளையும் படித்துவிடுங்கள், இறக்கை வைத்த ஆளில்லா விமானமும் அதில் வரும். ஓசூர் பக்கம் போனால் பேலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தப் பக்கமே வேண்டாம்.

அப்புறம், விழப்போகிறது என்று தெரிந்த உடனே மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிடுங்கள். புரொப்பெல்லர் மண்ணில் சிக்கி நிற்கும்போது கரண்ட் ஏறினால் மோட்டார் கருகும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி போர்டும் சேர்ந்து போகும். என் கடைக்கு வரும் மோட்டார்களிலும் நிறைய அப்படி ஜாம் ஆகி எரிந்தவைதான்.