மினிட்ஸ், கோரம், சமவாக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கூட்டத்துக்கு வந்தவர்கள் 21 பேர். ஆதரவு 9, எதிர்ப்பு 7. மீதிப் பேர் கை தூக்கவில்லை. 11 கிடைக்காததால் தீர்மானம் தோற்றது என்கிறார் பொருளாளர்.

ப: நிறைவேறிவிட்டது. சாதாரணப் பெரும்பான்மை என்றால் விழுந்த வாக்குகளில் பாதிக்கு மேல். சும்மா இருந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ‘வந்திருந்தோரில் பெரும்பான்மை’ என்று உங்கள் துணைவிதி (சங்கத்தின் எழுதிவைத்த விதிகள்) சொன்னால் மட்டும் பொருளாளர் சொல்வது சரி. துணைவிதியை எடுத்துப் பாருங்கள்.

கே: வழிமொழிய ஆளில்லாமலே ஒரு தீர்மானம் விவாதமாகி, நிறைவேறியும்விட்டது. செல்லுமா?

ப: செல்லும். விவாதம் தொடங்கும் முன்பே ஆட்சேபித்திருக்க வேண்டும்.

கே: எங்கள் தலைவர் செய்தது சரியா? உடனே பதில் தேவை.

ப: என்ன செய்தார் என்று கடிதத்தில் இல்லை. எத்தனை உறுப்பினர்கள், எத்தனை பேர் வந்தார்கள், துணைவிதி என்ன சொல்கிறது என்பதும் இல்லை. எழுதி அனுப்புங்கள்.

கே: செயலாளர் ஒவ்வொருவர் பேச்சையும் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) எழுதுகிறார். 14 பக்கம் வருகிறது. அடுத்த கூட்டத்தில் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

ப: போகாமல் என்ன செய்யும்? மினிட்ஸில் இருக்க வேண்டியது கூட்டம் செய்தது. பேசியதற்கு அங்கே இடமில்லை. கூட்டத்தின் வகை, தேதி, நேரம், இடம், தலைவரும் செயலாளரும் இருந்தார்களா, முந்தைய மினிட்ஸ் ஏற்கப்பட்டதா, ஒவ்வொரு தீர்மானத்தின் இறுதி வாசகம், முன்மொழிந்தவர் பெயர், முடிவு, எண்ணியிருந்தால் வாக்கு எண்ணிக்கை, ஒழுங்குப் பிரச்சினை (விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபம்) எழுந்திருந்தால் தலைவரின் தீர்ப்பும் காரணமும், முடிந்த நேரம். இரண்டு பக்கத்தில் அடங்கும். ‘நீண்ட விவாதத்துக்குப் பின்’, ‘சிறப்பாக எடுத்துரைத்தார்’ என்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஒலிப்பதிவு செயலாளருக்கு உதவும், ஆனால் அது மினிட்ஸ் ஆகாது.

வம்பு தொடங்குவது வேறிடத்தில். வாசகம் எழுதப்படாமலே வாக்கெடுப்பு நடக்கிறது. ‘சரி, செய்துவிடலாம்’ என்று எல்லோரும் தலையாட்ட, செயலாளர் இரவு வீட்டில் உட்கார்ந்து வாசகம் தயாரிக்கிறார். ‘விலை விசாரிக்கலாம்’ என்பது ‘வாங்கலாம்’ ஆகிவிடுகிறது. முன்மொழிபவர் எழுதித் தரட்டும், தலைவர் உரக்கப் படிக்கட்டும், அப்புறம் வாக்கு.

முந்தைய மினிட்ஸை ஏற்பதற்கு வாக்கெடுப்பும் வேண்டாம். ‘திருத்தம் உண்டா?’ என்று தலைவர் கேட்டு, இல்லையென்றால் ஏற்கப்பட்டதாக அறிவிக்கலாம். திருத்தம் என்பது தவறாகப் பதிவானதற்கு மட்டும். போன மாத முடிவு இப்போது கசக்கிறது என்றால் ரத்துத் தீர்மானம் கொண்டுவாருங்கள்: முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் பெரும்பான்மை போதும், இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அல்லது மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை. மினிட்ஸில் கைவைக்காதீர்கள்.

கே: கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) 40. காலையில் 52 பேர். மதியம் 31. கடைசி மூன்று தீர்மானங்கள்?

ப: காலையில் முடிந்தவை நிற்கும். ஆள் குறைந்தது தெளிவாகத் தெரிந்தால் மதியத்தில் செய்தவை செல்லாது. கோரம் போன பிறகு ஒத்திவைக்கலாம், இடைவேளை விடலாம், ஆள் திரட்டலாம், அவ்வளவுதான். முக்கியமானதை முதலில் வையுங்கள்.

கே: சமவாக்கு விழுந்தால் தலைவர் முடிவு செய்யலாமா?

ப: சமவாக்கு என்றாலே தீர்மானம் தோற்றது. தலைவர் உறுப்பினராக இருந்து இன்னும் வாக்களிக்காவிட்டால், ஆதரவாக வாக்களித்து நிறைவேற்றலாம். ஆதரவு 8, எதிர்ப்பு 7 என்றிருந்தால் எதிராக வாக்களித்துத் தோற்கடிக்கவும் செய்யலாம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் எல்லோரையும்போல அவரும் முதலிலேயே வாக்களிக்கலாம். இரண்டாவது வாக்கு? துணைவிதியில் எழுதியிருந்தால் மட்டும். மறுபடியும் சொல்கிறேன், துணைவிதி.

கே: ‘வாக்கெடுப்புக்கு விடுங்க’ என்று ஒருவர் கத்தினார். தலைவர் விவாதத்தை முடித்துவிட்டார்.

ப: தவறு. விவாதத்தை முடிப்பதே ஒரு தனித் தீர்மானம். வழிமொழிய வேண்டும், அதன்மேல் விவாதம் கிடையாது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆதரவு எதிர்ப்பைப் போல இருமடங்காவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆதரவு 30, எதிர்ப்பு 16 என்றால் விவாதம் தொடரும்.

கே: ரகசிய வாக்கெடுப்பில் 30 சீட்டு. 2 வெற்றுச் சீட்டு, 1 படிக்க முடியவில்லை. பெரும்பான்மை எவ்வளவு?

ப: 15. வெற்றுச் சீட்டைத் தள்ளுங்கள், கிறுக்கல் சீட்டு மொத்தத்தில் சேரும். ஆக 28, அதில் பாதிக்கு மேல் 15.