26 பரப்புக்குள் 440 யார்

வணக்கம். எங்கள் பள்ளிக்கூட நூற்றாண்டு மலருக்கு மைதானத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காணி 26 பரப்பு (யாழ்ப்பாண நில அளவு) என்கிறது காணி உறுதிப் பத்திரம். பழைய மலர்களில் 440 யார் ஓட்டச் சாதனைகள் இருக்கின்றன. இன்றைய 400 மீற்றர் சாதனைகளோடு அவற்றை ஒரே பட்டியலில் போடலாமா?
பழைய மாணவர் ஒருவர், வடமராட்சி

அன்புள்ள நண்பருக்கு,

போடாதீர்கள். காரணம் உங்கள் உறுதியிலேயே இருக்கிறது.

16 பரப்பு ஒரு ஏக்கர். வழக்கமான 400 மீற்றர் ஓடுதளம் (நேர்ப்பகுதி 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.5) நாலு பாதையோடு போட்டாலே ஏறக்குறைய 55 பரப்பு பிடிக்கும். எட்டுப் பாதை என்றால் 65. சனம் நிற்க இடம் வேறு வேண்டும். 440 யார் அதைவிட 2.34 மீற்றர் கூட. ஆக, உங்கள் காணிக்குள் அது ஒரே சுற்றாக இருந்திருக்க வழியில்லை. 220 யார் தளத்தில் இரண்டு சுற்று ஓடியிருப்பார்கள். ஆறு பாதைக்கு 20 பரப்பு போதும். இல்லையென்றால் போட்டி வேறு மைதானத்தில் நடந்திருக்கும். பழைய நிகழ்ச்சி நிரல் கிடைத்தால் முதலில் இடத்தைப் பாருங்கள்.

440 யார் நேரத்தை 400 மீற்றருக்கு மாற்ற 0.3 செக்கன் கழிப்பது வழக்கம். அது தூரத்துக்கு மட்டும்தான். 220 யார் தளத்தில் 19 மீற்றர் ஆரையுள்ள வளைவு நாலைச் சுற்றி வருபவர் வேகத்தை அடக்கித்தான் ஆகவேண்டும். அந்த நட்டத்துக்கு வாய்ப்பாடு கிடையாது. ‘440 யார், இரண்டு சுற்று, கையால் எடுத்த நேரம்’ என்று தனியே போடுங்கள்.

மைதானத்திலும் தேடலாம். வருடா வருடம் சுண்ணாம்புக் கோடு போட வளைவின் மையம் தெரியவேண்டும் என்பதால் அந்த இடத்தில் கல்லோ இரும்புக் குழாயோ புதைத்திருக்கக்கூடும். இரண்டு மையமும் அகப்பட்டால் இரும்பு நாடாவால் இடைத்தூரத்தை அளவெடுங்கள். 40 மீற்றர் அளவில் வந்தால் சின்னத் தளம்தான். அப்போதும் சரியாக 220 யார் என்று சத்தியம் பண்ண வேண்டாம்: தும்புக் கயிறு இழுபட்டு ஆரை 10 சென்ரிமீற்றர் கூடினாலே சுற்றுக்கு 63 சென்ரிமீற்றர் கூடிவிடும்.

பாய்தல் சாதனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடி அங்குலத்தை மாற்றினால் சரி. யாழ் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் வென்றதும் உயரம் பாய்தலில்தானே. அந்தப் பக்கத்தைத் தாராளமாக எழுதுங்கள்.

இன்னொன்று, அந்த 26 பரப்பு எந்த ஆண்டின் கணக்கு? உதவி பெறும் பாடசாலைகளை அரசு 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் பொறுப்பேற்றது. உங்களுடையதும் அப்படியானால் பழைய உறுதியோடு நிற்காமல், பின்னர் வந்த நில அளவைப் படத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். பக்கத்துக் காணி பிறகு சேர்ந்திருந்தால் மேலே சொன்ன கணக்கை அந்தந்த ஆண்டுக்குத் தனித்தனியே போடவேண்டி வரும்.