புது மொடெம் வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

(தொலைபேசிக் கம்பி வழியே டயல் செய்து இணையத்துக்குப் போன காலத்தில் கிழக்கிலங்கை வாசகர்கள் கேட்டவை. கணினியை அந்தக் கம்பியோடு இணைக்கும் கருவிதான் மொடெம்.)

விண்டோஸ் 98 உள்ள பழைய கணினி. இணைய முயன்றால் டயல் தொனி இல்லை என்று 680ஆம் இலக்கப் பிழை வருகிறது. கடைக்காரர் மொடெம் பழுது என்றார். 2,400 ரூபாய்க்குப் புதியது வாங்கிப் பூட்டினேன். அதே பிழை. இப்போது கணினியையே மாற்றச் சொல்கிறார்.
– ஆசிரியை, கல்லடி

கணினியை மாற்றவேண்டாம், கடையை மாற்றுங்கள். மொடெமுக்குப் போகும் வயரைக் கழற்றி, அதே வயரில் ஒரு சாதாரணத் தொலைபேசியைப் பொருத்திக் காதில் வைத்துப் பாருங்கள். தொனி கேட்கவில்லை என்றால் பழுது வயரிலோ சுவரில் உள்ள பெட்டியிலோ இருக்கிறது. கல்லடி போன்ற கடலோர இடத்தில் அந்தப் பெட்டியின் பித்தளை முனைகள் பச்சை பிடித்துக் கிடப்பது புதுமை அல்ல. தொனி கேட்டால் மொடெமின் பின்புறத்தைப் பாருங்கள். லைன், போன் என்று இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் வயர் லைன் துளைக்குள்தான் போகவேண்டும். சில மொடெம்கள் மாறிச் சொருகினாலும் பொறுத்துக்கொள்ளும், பல பொறுக்காது. தொனி விட்டுவிட்டு ஒலிக்கிறதா? சில இணைப்புகளில் குரல் அஞ்சல் காத்திருந்தால் அப்படி ஒலிக்கும். மொடெம் அதைத் தொனியாகவே எடுத்துக்கொள்ளாது. கணினித் திரையில் மொடெம் அமைப்பைத் திறந்து, டயல் தொனி வரும்வரை காத்திருக்கச் சொல்லும் பெட்டியில் உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

பழைய மொடெம் வேலை செய்தால் புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். சோதிக்காமலே பழுது என்று சொன்னவர் அவர். பேச்சை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், கூச்சப்படவேண்டாம்.

மொடெம் பெட்டியில் 56 என்று போட்டிருக்கிறது. பதிவிறக்கும்போது திரையில் 5தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– காத்தான்குடி வாசகர்

இல்லை. பெட்டியில் இருப்பது கிலோபிட், திரையில் காட்டுவது கிலோபைட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். 56ஐ எட்டால் வகுத்தால் 7. அந்த 56கூடக் குறையில்லாத கம்பியில்தான், அதுவும் இறக்கும்போது மட்டும். நீங்கள் அனுப்புவது, வி.90 என்ற 56 மொடெம் தரத்தில் 33.6ஐத் தாண்டாது. 5 கிடைக்கிறது என்றால் உங்கள் கம்பி நல்ல கம்பி.

691ஆம் இலக்கப் பிழை வருகிறது. மொடெமை மாற்றவா?
– பொத்துவில்

கடவுச்சொல்லைச் சரியாக அடியுங்கள். கப்ஸ் லொக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

பென்டியம் 133 கணினிக்கு உள்ளே பூட்டும் மொடெம் ஒன்று வாங்கினேன். பொலித்தீன் பையில் வந்தது, இறுவட்டு இல்லை. சாதனப் பட்டியலில் மஞ்சள் கேள்விக்குறி மட்டும் தெரிகிறது. நிறுவித் தர 750 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள்.
– கல்முனை வாசகர்

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். பொலித்தீன் பை வியாபாரம் நம் பக்கத்துக் கடைகளில் ஊறிப்போன நோய். பெட்டியையும் இறுவட்டையும் கடையில் வைத்துக்கொண்டு மொடெம் அட்டையை மட்டும் விற்பார்கள். மலிவு என்று வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வருவார், அப்போது நிறுவும் கூலி என்று இன்னொரு தொகை. நானும் அப்படி ஒரு பையை வாங்கியவன்தான். அது இன்றும் என் இழுப்பறைக்குள் கிடக்கிறது.

இந்த மலிவு மொடெம்களுக்கு வின்மொடெம் என்று பெயர். மொடெம் செய்யவேண்டிய கணக்கை இவை தாமாகச் செய்வதில்லை. கணினியின் செயலியிடம் தள்ளிவிடுகின்றன. மாடில்லாத வண்டியை விற்றுவிட்டு, உன் வீட்டு மாட்டைக் கட்டி ஓட்டு என்பது போன்ற வியாபாரம் இது, உங்கள் மாடோ கிழடு. இவற்றில் பல, எம்.எம்.எக்ஸ். என்ற, ஒலி, படக் கணக்குகளை விரைவாகச் செய்யும் வசதியுள்ள பென்டியத்தைக் கேட்கும். உங்கள் 133இல் அது கிடையாது. எனவே 750 ரூபாய் கொடுத்து நிறுவினாலும் இணைப்பு அறுந்து அறுந்துதான் போகும். கொடுக்காதீர்கள்.

வேகமான கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அட்டையில் உள்ள பெரிய சில்லின் மேல் கொனெக்சன்ட், லூசன்ட், பிசிடெல், மொட்டொரோலா என ஏதாவது ஒரு பெயரும் இலக்கமும் அச்சிட்டிருக்கும். எழுதிக்கொண்டு இன்டர்நெட் கஃபே ஒன்றில் தேடினால், அட்டையைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் இயக்கி மென்பொருள் கிடைக்கும். அட்டையில் எப்.சி.சி. என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அடையாள இலக்கம் ஒட்டியிருந்தால் தயாரித்தவரையே கண்டுபிடித்துவிடலாம்.

உங்களைப் போன்ற பழைய கணினிக்காரருக்கு ஏற்றது, கணினியின் பின்புறம் உள்ள சீரியல் துளையில் பொருத்தும் வெளி மொடெம். தன் வேலையைத் தானே செய்யும், விண்டோஸ் 98இலும் லினக்ஸிலும் ஓடும், முகப்பு விளக்குகளைப் பார்த்தே எங்கே தடை என்று அறியலாம். விலை கூடுதல்தான்.

இப்போது உங்கள் பணம். இறுவட்டைத் தரும்படியோ பணத்தைத் திருப்பும்படியோ கேளுங்கள். மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுதவேண்டும். பற்றுச்சீட்டு வாங்கினீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் பெரும்பாலும் வாங்காதவர்கள்.

வீட்டில் இருப்பது கம்பியில்லாத சி.டி.எம்.ஏ. தொலைபேசி. எந்தத் தொலைபேசிக்கும் பொருந்தும் என்று சொல்லி மொடெமை விற்றார்கள். டயல் செய்கிறது, இரைகிறது, இணைவதில்லை. மகளின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கியது.
– அக்கரைப்பற்றுத் தாய்

அம்மா, பிழை உங்களிடம் இல்லை. அந்தத் தொலைபேசி மனிதக் குரலுக்கென்றே ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. மொடெமின் இரைச்சல் அந்தச் சுருக்கத்தில் சிதைந்துபோகும். எத்தனை முறை முயன்றாலும் இணையாது. விற்றவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும், தெரியாவிட்டால் விற்றிருக்கக்கூடாது. 'எந்தத் தொலைபேசிக்கும் பொருந்தும்' என்ற வாக்கு உத்தரவாதம்தான், அதைச் சொல்லியே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சில சி.டி.எம்.ஏ. தொலைபேசிகளைத் தரவு வயர் மூலம் நேரே கணினியில் இணைக்கலாம். மொடெம் தேவைப்படாது. உங்கள் தொலைபேசியில் அது உண்டா என்று இணைப்புத் தந்தவர்களிடம் கேட்ட பிறகே எதற்கும் காசு கொடுங்கள்.

இடி விழுந்து இரண்டாவது மொடெமும் எரிந்துவிட்டது. இத்தனைக்கும் கணினியின் மின் செருகியைக் கழற்றித்தான் வைத்திருந்தேன்.
– வாழைச்சேனை

மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும். முதல் மொடெம் எரிந்தபோதே இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஐப்பசி இடி தொடங்கியதும் இரண்டையும் கழற்றுங்கள். மின் அதிர்ச்சியைத் தடுக்கும் பாதுகாப்புப் பலகை என்று கடையில் நீட்டுவார்கள். தொலைபேசி வயருக்கும் துளை இல்லாத பலகை மொடெமைக் காக்காது. என்னிடம் உள்ள விலை உயர்ந்த பலகை, சிவப்பு விளக்கு எரிவதைத் தவிர வேறு பணி செய்ததாகத் தெரியவில்லை.

தொலைபேசிக் கட்டணத்தில், பெயரே கேள்விப்படாத ஒரு நாட்டுக்கு எடுத்த அழைப்புகள் என்று 11,000 ரூபாய் வந்திருக்கிறது. வெளிநாட்டில் எங்களுக்கு யாரும் இல்லை. மகனை அடித்துவிட்டேன்.
– களுவாஞ்சிகுடி வாசகர்

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பான். அதன் வழியே இறங்கும் ஒரு மென்பொருள், கணினி டயல் செய்யும் இலக்கத்தை மாற்றி வெளிநாட்டு இலக்கம் ஒன்றை அழைத்துக்கொண்டிருக்கும். அழைப்புக் கட்டணத்தில் மோசடிக்காரருக்குப் பங்கு. இணைப்பு அமைப்பைத் திறந்து அங்குள்ள இலக்கத்தைப் பாருங்கள், உங்கள் இணையச் சேவையின் இலக்கமாக இல்லாவிட்டால் அழித்துவிட்டு வைரஸ் தடுப்பு மென்பொருளால் கணினியைச் சோதியுங்கள். தொலைபேசி அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, வெளிநாட்டு அழைப்பை இன்றே பூட்டச் சொல்லுங்கள். மொடெமின் ஒலியை அணைத்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். நீங்கள் தொடாமலே அது டயல் செய்தால் காதுக்காவது தெரியும்.

கடைக்காரர் எனக்கு மச்சான் முறை. பற்றுச்சீட்டுக் கேட்டால் மனம் கோணுவார். என்ன செய்வது?
– ஆரையம்பதி

கேளுங்கள். கோணினால் காத்தான்குடியில் வேறு கடைகள் இருக்கின்றன.